சீமைப்பலாச் சேணம்

கப்பலில் வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளை வேன் பாதாம் மரத்தடியில் வந்து நின்றால், கிளோவிஸ் முதலில் பார்ப்பது அவர்களுடைய முகத்தை அல்ல. "வாங்க, வாங்க, ஜமைக்காவுக்கு வாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, இறங்கியவர்களைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி வருவான். பிறகு லாயத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பான்.

"எலுமிச்சை ரெண்டு! மாம்பழம் மூணு! சீமைப்பலா ஒண்ணு!"

உள்ளே சேண அறையில் நிற்கும் டெல்சிக்கு அது போதும். ஒல்லியான ஆட்களுக்குச் சின்னச் சேணம், நடுத்தரமானவர்களுக்கு நடுத்தரம், பெரிய உடம்புக்குப் பெரியது. முகத்துக்கு நேராக "உங்களுக்குப் பெரிய சேணம்தான் சரிப்படும்" என்று ஒரு விருந்தாளியிடம் யார் சொல்வது? அதற்காக ஏற்பட்டதுதான் இந்தப் பழக்கணக்கு. சவாரி முடிந்ததும் பழம் தருவார்கள் என்று நம்பிக் காத்திருந்த பயணிகளும் உண்டு. அவர்களுக்காகவே முதலாளி லாசெல்ஸ் வாழைப்பழக் கூடை ஒன்று வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

டெல்சிக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதிகம் பேச வராது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால், பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை அவள் வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். பிறகு தாய் படுத்த படுக்கையானபோது, வராதவள் என்று எழுதப்பட்ட பிள்ளை உண்மையிலேயே வராமல் போனது அங்கே யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்ச காலம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். அங்கிருந்து இந்த லாயத்துக்கு வந்தாள். இங்கேயும் துவைக்கிற வேலைதான், ஆனால் எதிரில் நிற்பது குதிரை. அது "ஏன் பேசாம இருக்கே?" என்று கேட்காது.

பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் இருக்கிறது. டெல்சி பார்த்தாள்.

அவள் வந்த புதிதில் எல்லாமே தோல் சேணங்கள். மலைப்பாதையில் மட்டும்தான் சவாரி. பிறகு குதிரைமேல் உட்கார்ந்தபடியே கடலுக்குள் போய் நீந்துகிற சவாரி தொடங்கியது. பயணிகள் அதற்காகவே வரிசையில் நின்றார்கள். தோல் சேணங்களோ உப்புத்தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கருவாடு மாதிரி விறைத்து வெடித்தன. மழைக்காலத்தில் பச்சைப் பூசணம் வேறு. டெல்சி வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

அப்போதுதான் லாசெல்ஸ் வெளிநாட்டிலிருந்து செயற்கைச் சேணங்களை வரவழைத்தார். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. கறுப்பு நிறம், தொட்டால் மெத்தென்று இருந்தது, தூக்கினால் கனமே இல்லை.

"இது சேணமா, முடிவெட்டுற கடை நாற்காலியா?" என்று கிளோவிஸ் கேட்டான். "பாத்துக்கிட்டே இரு மிஸ் டெல்சி, முதல் வெயிலுக்கே உருகிக் குதிரை முதுகுல தாராட்டம் ஒட்டிக்கும்."

உருகவில்லை. தினமும் கடலுக்குள் போய் வந்தது, நல்ல தண்ணீரில் குளித்தது, கம்பியில் காய்ந்தது, மறுநாள் மறுபடியும் கடலுக்குப் போனது. டெல்சி பழக்கதோஷத்தில் அதற்கும் தேங்காய் எண்ணெய் தடவினாள். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, கடற்கரை மணலையெல்லாம் வாரி ஒட்டிக்கொண்டது. தையல் இடுக்குகளில் புகுந்த மணல் நூலை அரம் போல அறுக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் எண்ணெயை நிறுத்திவிட்டாள். அறுந்த இடங்களை மீன்வலை தைக்கும் நைலான் நூலால் அவளே தைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தச் சேணங்களின் மேல் ஒரு தீராத ஆர்வம் வந்துவிட்டது. தோலுக்கு வயதாவது அவளுக்குத் தெரியும். மனிதர்களைப் போலவே அது சுருங்கும், வறண்டுபோகும், வெடிக்கும். இதற்கு வயதாகிறதா இல்லையா என்பதே முதலில் தெரியவில்லை. கிட்டப்போய்ப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. முழங்கால் உரசுகிற இடத்தில் மட்டும் கறுப்பு மெல்லச் செம்பழுப்பாக மாறும். உட்காருகிற இடத்தில் மெத்தென்ற மயிர் தேய்ந்து பளபளக்கும். பிரித்து ஒட்டுகிற வெல்க்ரோ பட்டையில் குதிரைமுடி அடைந்து, அது ஒட்டுவதையே மறந்துவிடும். இரும்பு வளையம் துருவைக் கக்கும். துணி மட்டும் அசையாது.

"உள்ள என்ன பாஸ் இருக்கு?" என்று ஒருமுறை லாசெல்ஸிடம் கேட்டேவிட்டாள். அவள் வாய் திறந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"கட்டிலுக்கு இருக்கற மாதிரி ஒரு சட்டம் இருக்கு. பிளாஸ்டிக்கு. அதுக்கு மேலயும் கீழயும் மெத்தை. வேற என்ன இருக்கும், புதையலா?"

அவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. பிரித்துப் பார்க்க ஆசை. நன்றாக இருக்கிற ஒன்றை யார் பிரிக்க விடுவார்கள்?

இப்படி வருடங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிமென்டோ கெட்டுப்போனது.

அங்கிருந்த குதிரைகளிலேயே பெரியது பிமென்டோ. செம்பழுப்பு நிறம், அகன்ற மார்பு, கடலுக்குள் இறங்கினால் படகு போகிற மாதிரி போகும். அது திடீரென்று ஆளைத் தள்ளத் தொடங்கியது. முதலில் காதைப் பின்னால் மடித்தது. பிறகு முதுகை வில்லாக வளைத்தது. ஒருநாள் ஒரு பருத்த கனடாக்காரரைக் கரை மணலில் கொட்டிவிட்டுத் தனியாகக் கடலுக்குள் இறங்கியது. மணல் மெத்தையாக இருந்ததால் அவருக்கு அடியில்லை. அவர் சிரித்துவிட்டார். லாசெல்ஸ் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு பெண்மணி விழுந்தார். அவரும் சிரிக்கவில்லை.

"வயசாச்சு, சோம்பேறியாயிடுச்சு பாஸ்" என்றான் கிளோவிஸ். "ஒல்லியானவங்க ஏறினா கம்முனு நிக்குது. கனமான ஆள் ஏறினா மட்டும்தான் திமிரு. எடை பாத்து ஆளைத் தள்ளுது, கழுதை."

"எடை தூக்க மாட்டேன்னா அந்த உடம்பு எதுக்கு?" என்றார் லாசெல்ஸ். "யாராவது கையக் கால ஒடிச்சுக்கிட்டா லாயத்தையே மூடிடுவாங்க. ரூபன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கார். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

ரூபன் இளநீர் வண்டிக்காரர், ஊரார் மரியாதையாக 'மாஸ் ரூபன்' என்று கூப்பிடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய குதிரை, வண்டி நிறையக் காயோடு காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை தார்ச்சாலையில் நிற்க வேண்டும். கடலில் நீந்திப் பழகிய பிமென்டோ அந்தக் கொதிக்கிற தாரில் நிற்பதை டெல்சியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று சேணங்களைக் கழுவும்போது அவளுக்கு ஒன்று உறுத்தியது. கனமான ஆள் வந்தால் கிளோவிஸ் "சீமைப்பலா" என்பான். அவள் பெரிய சேணத்தை எடுப்பாள். பெரிய சேணம் ஒன்றே ஒன்றுதான். அது போகிற குதிரையும் ஒன்றே ஒன்றுதான், பிமென்டோ. பெரிய ஆள், பெரிய சேணம், பெரிய குதிரை எல்லாம் எப்போதும் சேர்ந்தேதான் போகும். ஒல்லியான ஆள் பிமென்டோமேல் ஏறினால் அன்று அதன் முதுகில் இருப்பது எலுமிச்சை. அப்படியானால் அதற்குப் பிடிக்காமல் போனது ஆளா, சேணமா?

பெரிய சேணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளதிலேயே குறைவாக வேலைக்குப் போனது அதுதான். வெளியே ஒரு கீறல் இல்லை. வயிற்றில் முட்டுக்கொடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்தாள். கொஞ்சம் வளைந்தது. மாம்பழத்தை எடுத்து வளைத்தாள். அதுவும் வளைந்தது. பிளாஸ்டிக் வளையத்தானே செய்யும்?

லாசெல்ஸிடம் நேராகப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. கிளோவிஸிடம் சொன்னாள்.

"சேணத்து மேல சந்தேகமா?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இத்தனை வருஷம் உன் கையால குளிப்பாட்டின பிள்ளையாச்சே மிஸ் டெல்சி, இப்ப அது மேலயே பழி போடுறியா?"

"ஏறிப் பாரேன்" என்றாள் டெல்சி. "மாம்பழத்தைப் போட்டு நீ ஏறு. நீயும் சீமைப்பலாதான்."

சிரிப்பு நின்றது. "நானா? நான் மாம்பழம்."

"கண்ணாடியில பின்னால தெரியாது, கிளோவிஸ்."

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த லாசெல்ஸ் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். சரி, இதையும் பார்த்துவிடலாம் என்று அவரே வந்து பிமென்டோவைப் பிடித்துக்கொண்டார். நடுத்தரச் சேணம் அதன் முதுகில் ஏறியது. அங்கவடியில் கால் வைத்துக் கிளோவிஸ் மெல்ல ஏறினான்.

டெல்சி குதிரையின் காதுகளையே பார்த்தாள். பிமென்டோ ஓரடி நடந்தது. இன்னும் ஓரடி. பிறகு காதை மடித்து, முதுகை வளைத்து ஒரே உதறு. கிளோவிஸ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

"இறக்கி விடுங்க பாஸ்! சேணத்தை மாத்தினாலும் இந்தப் பிசாசு மாறல!"

"பார்த்தாச்சா டெல்சி?" என்றார் லாசெல்ஸ். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். "எனக்கு மட்டும் ஆசையா இதை விக்கணும்னு?"

டெல்சி குதிரையின் அருகில் போய்ச் சேணத்தைக் கழற்றினாள். முதுகெலும்புக்கு வலப்பக்கம் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். பிமென்டோ தரையை நோக்கி முதுகைத் தாழ்த்தி, கையை விட்டு நழுவப் பார்த்தது. இடப்பக்கம் அழுத்தினாள். சும்மா நின்றது. மறுபடியும் வலப்பக்கம். மறுபடியும் தாழ்ந்தது.

"வலிக்குது பாஸ்" என்றாள். "புண்ணாயிட்ட இடத்துல எந்தச் சேணத்தை வச்சாலும் இப்ப வலிக்கத்தான் செய்யும். ஆனா புண்ணாக்கினது எது?"

லாசெல்ஸ் தானும் அழுத்திப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்துகொண்டார். "சேணத்துல ஒண்ணும் இல்லையே. நான்தான் போன வாரம் பார்த்தேனே, புதுசு மாதிரி இருக்கு."

"பிரிச்சுப் பார்க்கணும்."

"பிரிச்சு ஒண்ணும் இல்லேன்னா?"

ஒன்றும் இல்லையென்றால் குதிரையும் போகும், நல்ல சேணமும் போகும், ஒருவேளை அவளுடைய வேலையும் போகும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அவளுக்குள் இத்தனை வருடங்களாக உட்கார்ந்திருக்கிறது. குளம்பு செதுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். லாசெல்ஸ் தடுக்கவில்லை. அவருக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது.

சேணத்தைக் கவிழ்த்துப் போட்டு, குதிரையின் முதுகில் படுகிற அடிமெத்தையின் தையலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். முதலில் இடப்பக்கம். மெத்தையை மடித்துத் தூக்கியதும் பழைய கடல் வாசனை அடித்தது. உள்ளே ஒரு கைப்பிடி மணல் இருந்தது. ஒரு சின்னச் சிப்பி. அதற்கடியில் கறுப்பாக, பொரிக்கிற சட்டியைக் கவிழ்த்தது போல வழவழப்பாகச் சட்டம். வெடிப்பு இல்லை, வளைவு இல்லை.

"அடேயப்பா" என்றான் கிளோவிஸ். "பாதிக் கடற்கரை இதுக்குள்ள இருக்கு. சட்டம் மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருக்கு பாஸ்."

டெல்சி வலப்பக்கத் தையலையும் அறுத்தாள். அங்கே மெத்தை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு முழுதாகத் தூக்க வரவில்லை. இடுக்கில் எட்டிப் பார்த்தால் இருட்டு.

"விடு, நான் பார்க்கறேன்." லாசெல்ஸ் சேணத்தைத் தடுப்புக் கட்டையின்மேல் நிமிர்த்தி வைத்து, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே கையைக் கொடுத்துத் தடவினார். "வழவழன்னுதான் இருக்கு. இங்கயும் நல்லா இருக்கு. இங்கயும். ஒரு கோடு மாதிரி ஏதோ தட்டுப்படுது, அது வார்ப்பிலேயே வந்ததா இருக்கும். டெல்சி, உன் ஆசைக்கு நல்ல சேணம் ஒண்ணு போச்சு."

"ஆள் உட்காராம எப்படித் தெரியும் பாஸ்?" என்றாள் டெல்சி.

கிளோவிஸ் வேடிக்கையாகக் காலைத் தூக்கிப் போட்டுச் சேணத்தின்மேல் ஏறி உட்கார்ந்தான். "இந்தாங்க, சீமைப்பலா ஒண்ணு!" என்று இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டினான்.

லாசெல்ஸ் போட்ட அலறலில் பக்கத்துக் கொட்டடியிலிருந்த குதிரைகளெல்லாம் தலையைத் தூக்கின.

"எறங்குடா! எறங்கித் தொலை! விரலு! விரலு!"

கிளோவிஸ் குதித்து இறங்கினான். லாசெல்ஸ் கையை உருவிக்கொண்டார். நடுவிரலின் சதையில், நண்டு கவ்வியது போல, நீளமாக ஒரு ரத்தக்கோடு. விரலை வாயில் வைத்துக்கொண்டார். அவருடைய பார்வை தன் விரலிலிருந்து பிமென்டோவின் முதுகுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"ஒருத்தன் ஒரு தடவை ஆடினதுக்கே எனக்கு இப்படி" என்றார் மெதுவாக.

மெத்தையை முழுவதுமாகக் கிழித்தே எடுத்தார்கள். சட்டத்தின் வலப்பக்கத்தில், விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெடிப்பு ஓடியது. யாரும் உட்காராதபோது இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரு கோடாக மட்டும் தெரிந்தன. அழுத்தினால் திறந்தன. விட்டால் கவ்விக்கொண்டன. டெல்சி அதைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விளிம்பிலிருந்து பாதித் தூரம் வெடிப்பின் உட்புறம் அழுக்கேறி, உப்பும் மண்ணும் படிந்திருந்தது. மீதிப் பாதி அப்போதுதான் உடைந்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"இது நேத்து உடைஞ்சதில்ல" என்றாள். "பாதி ரொம்பப் பழசு. மீதிதான் புதுசு. கொஞ்சம் கொஞ்சமா ஓடியிருக்கு."

கிளோவிஸ் தலையைச் சொறிந்தான். "அது வந்து, ரெண்டு வருஷம் முன்னால இருக்கும். அரையடித் தண்ணியில சேணத்தோடயே பிமென்டோ மல்லாந்து புரண்டுச்சு. நாங்க எல்லாரும் கைதட்டிச் சிரிச்சோம். எந்திரிச்சதும் சேணத்தைப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. துடைச்சுட்டு அப்படியே போனோம்."

அதனால்தானா, வேறு எப்போதாவதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. டெல்சிக்கு ஆச்சரியம் வேறு ஒன்றில் இருந்தது. தோல் சேணமாக இருந்தால் உள்ளே உடைந்ததும் மேலே சுருக்கம் விழுந்திருக்கும், ஒருபக்கம் தொய்ந்திருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள். இந்தத் துணியோ உடைந்த சட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல அத்தனை நாள் நின்றிருக்கிறது. இத்தனை நன்றாக உழைத்ததே அதன் குறையாகிவிட்டது.

அன்று மீதமிருந்த சேணங்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றின்மேலும் கிளோவிஸை உட்காரவைத்து, கீழே காதை வைத்துக் கேட்டார்கள். லாசெல்ஸ் மட்டும் கையைக் கொடுக்க மறுத்துவிட்டார். எதிலும் சத்தம் இல்லை. எட்டு வருடக் கடல்நீருக்குப் பிறகும் எல்லாம் திடமாக இருந்தன. பிமென்டோவின் முதுகு ஆறும்வரை அதன்மேல் எதையும் வைக்கக்கூடாது, அதை விற்கவும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் லாசெல்ஸும் கிளோவிஸும் பயணிகளோடு கடலுக்குள் இருந்தார்கள். ரூபனுக்குச் சொல்லி அனுப்ப இருவருமே மறந்திருந்தார்கள். தோளில் கயிற்றோடு அவர் லாயத்துக்குள் நுழைந்தபோது அங்கே டெல்சி மட்டும்தான் இருந்தாள்.

"என்ன மிஸ் டெல்சி, என் புதுப் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டுக்கொண்டே பிமென்டோவின் கொட்டடியை நோக்கிப் போனார்.

அவர் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். டெல்சி ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"விக்கறதில்ல, மாஸ் ரூபன்."

"விக்கறதில்லையா? லாசெல்ஸே வாய்விட்டுச் சொன்னாரே. மலை மேலேர்ந்து இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேன்."

"முதுகுல வலி. நீங்களே தொட்டுப் பாருங்க."

ரூபன் தொட்டார். பிமென்டோ முதுகைத் தாழ்த்தியது. அவர் வாழ்நாளெல்லாம் குதிரைகளோடு இருந்தவர். கையை எடுத்துக்கொண்டு உச்சுக்கொட்டினார். "யாரு செஞ்சது இது?"

டெல்சி மூலையைக் காட்டினாள். வயிறு கிழிந்த பெரிய சேணம் அங்கே கிடந்தது. எப்படி நடந்தது என்று அவள் சொன்னாள். தன் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் தொடர்ந்து வருவதை அவளே கவனித்தாள். முதலாளியின் விரலுக்கு வந்தபோது ரூபன் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

பிறகு குனிந்து அந்தச் சேணத்தைத் தூக்கினார். சட்டத்தைப் பார்க்கவில்லை. உட்காருகிற இடத்தின் துணியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி இழுத்தார். கிழியவில்லை. நகத்தால் கீறினார். கோடு விழுந்து மறைந்தது.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"தூக்கிப் போடத்தான்."

"தூக்கிப் போடறதா? மேல் தோலை எனக்கு உரிச்சுக் குடுங்க. என் வண்டியில உட்கார்ற பலகை ஆணியா குத்துது. குதிரை கேட்டு வந்தவன் வெறுங்கையோட போனேன்னு இருக்க வேணாம்."

டெல்சி குளம்புக் கத்தியால் துணியைச் சட்டத்திலிருந்து உரித்துக் கொடுத்தாள். அவர் அதை உதறிச் சுருட்டி, கொண்டுவந்த கயிற்றாலேயே கட்டினார்.

"எத்தனை வருஷம் தாங்கும் இது?"

"துணியா? உங்க வண்டி போனப்புறமும் இருக்கும், மாஸ் ரூபன். அடியில இருக்கற பலகையை மட்டும் அப்பப்பத் தூக்கிப் பார்த்துக்குங்க."

அவர் போனதும் அவள் தாழ்ப்பாளைத் திறந்து பிமென்டோவை வெளியே விட்டாள். வெறும் முதுகோடு அது கடலைப் பார்த்து நடந்தது.